1989 கேம் பாய், லைட் இல்லாத பொட்டி

செகண்ட் ஹேண்ட்ல கேம் பாய் ஒண்ணு, அதான் நிண்டெண்டோ கம்பெனியோட கையில வச்சு ஆடற வீடியோ கேம் பொட்டி, வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு, 1989ல வந்த அந்த மொத மாடல். கொறைய முன்னாடியே சொல்லிடறேன். ஸ்கிரீன் சுமார்தான், மஞ்சளும் பச்சையுமா மொத்தமே நாலு ஷேடு, உள்ள லைட்டு கெடையாது, ராத்திரி ஆடணும்னா டேபிள் லேம்ப் கிட்ட போய் சாய்ச்சு சாய்ச்சு புடிக்கணும், மரியோ வேகமா ஓடினா பின்னாடியே ஒரு நிழலும் இழுத்துட்டு வருது.

ஆனா இது தெரியாம பண்ணது இல்லங்க, வேணும்னே பண்ணது. நிண்டெண்டோவுக்குள்ள ஆர் அண்ட் டி 1னு ஒரு டீம், அதுக்கு தலை குன்பெய் யோகோய். மனுஷன் 1965ல வேலைக்கு சேர்ந்ததே சீட்டுக்கட்டு தயாரிக்கிற மெஷின பாத்துக்கத்தான், போரடிச்சு நீண்டு சுருங்குற கை மாதிரி ஒரு பொம்மை செஞ்சிருக்கார், அது முதலாளி யமவுச்சி கண்ணுல பட, திட்டாம இதையே வித்துடலாம்னுட்டார். அதான் 1966ல வந்த அல்ட்ரா ஹேண்ட். புதுசு பின்னாடி ஓடாத, பழகிப்போய் வெல எறங்கினத வேற எடத்துல யோசிச்சு பயன்படுத்து, இதான் யோகோய் வழி. 1980ல நிண்டெண்டோ விட்ட கேம் அண்ட் வாட்ச்ங்கற குட்டி பாக்கெட் கேம்ல இருந்தது கால்குலேட்டர் ஸ்கிரீன் சமாச்சாரம்தான். 1982ல அதோட டாங்கி காங் மாடலுக்கு போட்ட பிளஸ் பட்டன்தான் இந்த கேம் பாய்லயும் இருக்கு, கட்டைவிரல் தானா போய் உக்காருது.

போட்டி கம்பெனி சேகாவோட கேம் கியர் கலரு, லைட்டு எல்லாம் வச்சு ஆறு பேட்டரிய சில மணி நேரத்துல முழுங்கிடும். இதுல நாலுதான், வாங்கின அன்னிக்கு போட்டது, தெனம் அரை மணி நேரம் ஆடியும் இன்னும் ஓடுது.

கூட வந்த சூப்பர் மரியோ லேண்ட் கேமும் இதே டீம்தான், மரியோவ உருவாக்கின மியாமோட்டோ கை படாத மரியோ. ஆமைய மிதிச்சா ஓடு வெடிக்குது!! திடீர்னு நீர்மூழ்கில ஏத்திவிட்டு சுடச் சொல்றாங்க. 12 ஸ்டேஜ்தான், ஒரே உக்காரல்ல முடிஞ்சிரும்.

அப்புறம் 1995ல யோகோய் பண்ண விர்ச்சுவல் பாய்ங்கற 3டி கேம் மெஷின் ஊத்திக்கிச்சு, அடுத்த வருஷம் யோகோய் வெளிய வந்தார், 1997ல ரோடு ஆக்சிடென்ட்ல போயிட்டார். டீம் அப்புறமும் 2002ல மெட்ராய்ட் ஃபியூஷன் மாதிரி ஒரு கேம் குடுத்துட்டுதான் கலைஞ்சுது.

வாங்கறவங்க பேட்டரி மூடிய கழட்டி துரு இருக்கான்னு பாருங்க. எனக்கு வித்தவர் சூப்பர் கண்டிஷன்னார், மூடில கொக்கியே இல்ல, ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன்.