அம்மாவின் முழங்கை: கம்பி போடுவதற்கு முன் எங்களிடம் சொல்லப்படாதவை

76 வயதான என் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்ததில், இடது முழங்கையின் முனையெலும்பு (ஒலிக்ரானான்) உடைந்து விலகிவிட்டது. நாங்கள் சென்ற தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், கம்பி போட்டால் கை பழையபடி ஆகிவிடும், போடாவிட்டால் பயனற்றுப் போய்விடும் என்று கூறி, அன்று மாலையே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னதில் பிற்பாதி உண்மையன்று. மூட்டு நிலையாக இருந்து, கைக்குக் கடினமான வேலையும் இல்லாத முதியவர்களுக்கு, இம்முறிவுக்கு அறுவை செய்யாமல், சில நாள் கையைக் கழுத்துத் தொட்டிலில் (ஸ்லிங்) தொங்கவிட்டு, பின் மெல்ல அசைக்கப் பழக்குவதும் ஏற்கப்பட்ட மருத்துவ முறையே. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கொண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு சிறியதுதான். ஆனால் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிக்கல்கள் மிகுந்ததால் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது, கையின் பயன்பாட்டிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முழங்கையை ஒட்டி மேற்கை எலும்பின் அடிப்பகுதி நொறுங்குவது வேறு வகை முறிவு. அதற்குப் பெரும்பாலும் இரண்டு பிளேட்டுகளோ செயற்கை மூட்டோ தேவைப்படும்.

முனையெலும்பில் கம்பி போட்ட பிறகு அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எலும்பினுள் செலுத்திய இரு கம்பிகளையும் எட்டு வடிவில் முறுக்கிய வயர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எலும்பு மெலிந்திருந்தால் கம்பிகள் பிடிப்பிழந்து பின்னோக்கி நகரும், முழங்கை முனையிலோ தோலைத் தவிர வேறு மறைப்பே இல்லை. சில வாரங்களில் கம்பிமுனை தோலைக் குத்திப் புண்ணாக்கியது. “வயதானவர்களுக்கு இது சகஜம்” என்றார் அதே மருத்துவர். சகஜமென்றால் கையெழுத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாமே! கம்பியை எடுக்க மீண்டும் மயக்க மருந்து, மீண்டும் கட்டணம். நெடுநாள் மாவுக்கட்டில் கிடந்த மூட்டு இறுகிப்போய், இன்றும் அவரால் அந்தக் கையைத் தலைக்குக் கொண்டுபோய்க் கொண்டை போட முடியவில்லை.

நின்ற நிலையில் விழுந்தே எலும்பு முறிந்தவருக்கு எலும்பு மெலிவு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை, வைட்டமின் டி அளவும் பார்க்கவில்லை. பின்னர் வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேனில் அவருடைய எலும்பு அடர்த்தியைக் காட்டும் டி ஸ்கோர் (T-score) மைனஸ் 2.5-க்கும் கீழே இருந்தது, அதாவது எலும்பு மெலிவு நோய் இருந்தது.

அறுவைக் குறிப்புகளைக் கேட்டபோது அலைக்கழித்தார்கள். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகே நகல் கிடைத்தது. அதில், எலும்பின் தரம் மோசம் என்று அறுவை நாளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.