மடிப்புக் கவுன் சேகரிப்பு: ஃபோர்த்தூனியா, மெக்ஃபாடனா, மியாக்கேயா?

பழைய டிசைனர் உடைகளைத் தேடி வாங்குகிறவர்களில் நுண்மடிப்பு கவுனுக்கென்றே ஒரு தனிக் கூட்டம் உண்டு. அவர்கள் சுற்றிச் சுற்றி வருவது மூன்று பெயர்களைத்தான்: வெனிஸின் மரியானோ ஃபோர்த்தூனி, நியூயார்க்கின் மேரி மெக்ஃபாடன், டோக்கியோவின் இஸ்ஸே மியாக்கே. எட்ட நின்று பார்த்தால் ஒரே ஜாடைதான். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல்முறை வாங்குகிறவர் மெக்ஃபாடனைத் தேடுங்கள். மற்ற இரண்டும் மோசம் என்பதல்ல, ஒன்றை உடுத்த முடியாது, இன்னொன்று இன்னும் கடையிலேயே கிடைக்கிறது.

உடுத்த முடியாதது ஃபோர்த்தூனியின் டெல்ஃபோஸ். கிரேக்கத்தின் டெல்ஃபியில் கிடைத்த வெண்கலத் தேரோட்டி சிலையின் அங்கியைப் பார்த்துப் பிறந்த கவுன் அது. 1907 வாக்கில் தொடங்கி, 1949இல் அவர் இறக்கும்வரை வெனிஸில் செய்தார்கள். இறுக்கிக் கட்டும் உள்ளாடை இல்லாமல் உடம்போடு வழிகிற பட்டு, அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீட்டுக்குள் விருந்தாளிகளை வரவேற்கும்போது மட்டும் போட்டுக்கொண்டது. 1909இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பதிந்தபோது, ஓரத்தில் ஃபோர்த்தூனியே கைப்பட எழுதி வைத்திருக்கிறார், இதைக் கண்டுபிடித்தது ஹென்ரியெட்தான், அவசரத்தால் என் பெயரில் பதிகிறேன் என்று. ஹென்ரியெட் பின்னாளில் அவர் மனைவி. இருந்தும் எல்லோரும் ஃபோர்த்தூனி கவுன் என்றே சொல்கிறோம், நானும்தான்.

சிக்கல் பட்டில் இருக்கிறது. மடிப்பை நிலையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் பட்டு இழைக்குக் கிடையாது. தண்ணீர் பட்டால் போச்சு, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தாலே பின்பக்கம் தளர்ந்துவிடும். அப்போதெல்லாம் வாங்கியவர்கள் கவுனை வெனிஸ் பட்டறைக்கே திருப்பி அனுப்பி மறுபடி மடித்து வாங்கிக்கொள்வார்கள். இப்போது அனுப்ப இடமில்லை. சூடேற்றிய பீங்கான் குழாய்கள் கொண்ட ஒரு கருவிக்கும் காப்புரிமை இருக்கிறது, ஆனால் அதோடு கைவேலை எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் என்பதெல்லாம் அந்தப் பட்டறையோடு போய்விட்டது. அதனால்தான் வைத்திருப்பவர்கள் அதைத் தொங்கவிடாமல் நூல்கண்டு மாதிரி முறுக்கிச் சுருட்டி வட்டப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பக்கத் தையலில் வரிசையாகத் தொங்கும் முரானோ கண்ணாடி மணிகளும் வெறும் அழகுக்கல்ல, காற்றில் பறக்கிற அந்தப் பட்டைக் கீழே இழுத்து நிறுத்தும் எடை.

ஆக, பல லட்சம் கொடுத்து ஒரு டெல்ஃபோஸ் வாங்கினால் அது பெட்டியில் இருக்கும். அப்படி வைத்துக்கொள்வதிலும் ஒரு மரியாதை இருக்கிறது: டெட்ராய்ட்டின் சாண்டி ஷ்ரையர் பல பத்தாண்டுகள் சேர்த்தது உடுத்துவதற்கல்ல, ஓவியம் சேர்ப்பது மாதிரி கலைக்காகச் சேர்த்தார், அதில் 165 உருப்படிகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தருவதாகச் சொல்ல, 2019இல் அங்கே கண்காட்சியே வைத்தார்கள். அந்த மனசு உள்ளவர்கள் டெல்ஃபோஸ் வாங்கட்டும். அக்குள், மணி கோத்த கயிறு, அடிவிளிம்பு மூன்றையும் பாருங்கள். பாதத்தைச் சுற்றித் தரையில் விரிந்து கிடக்க வேண்டிய கவுன் கணுக்காலோடு நின்றால் யாரோ வெட்டியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

மியாக்கே நேர் எதிர். பாலியெஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். வழக்கமாகத் துணியை மடித்துவிட்டுத்தான் தைப்பார்கள். அவர் தலைகீழாக, இரண்டரை மூன்று மடங்கு பெரிதாக உடையைத் தைத்து முடித்துவிட்டு, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டோடு அழுத்தினார். 1980களின் கடைசியில் தொடங்கிய சோதனை 1993இல் ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்ற தனி வரிசையானது. துவைக்கலாம், சுருட்டிப் பையில் போடலாம், இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. உடுத்த இதைவிட நல்லது இல்லை. ஆனால் சாதாரண கறுப்பு ப்ளீட்ஸ் ப்ளீஸ் ஒன்றைப் பழைய விற்பனையில் வாங்குவதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது நல்ல துணி வாங்குவது, அவ்வளவுதான். சேகரிக்கிறவர்கள் அடித்துக்கொள்வது, வெளிக் கலைஞர்களை அழைத்துச் செய்ய வைத்து 1996 முதல் 1998 வரை வந்த கலைஞர் வரிசைக்கு. யாசுமாசா மொரிமுரா, நொபுயோஷி அராக்கி, டிம் ஹாக்கின்சன் மூவரும் செய்த பிறகு, சாய் குவோ சியாங் உடைகளின் மேல் வெடிமருந்தைக் கொளுத்தி டிராகன் வரைந்தார், அந்தக் கருகல் தடத்தை அச்சாக்கினார்கள். இவற்றின் விலையோ மளமளவென்று ஏறி நிற்கிறது.

சரி, மெக்ஃபாடன். 1970களின் நடுவில் மரீ என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்ற மடிப்பு அவருடையது. ஃபோர்த்தூனியின் அந்தக் கொஞ்சம் ஒழுங்கற்ற, நீர் வழிவது போன்ற மடிப்பைப் பளபளக்கும் பாலியெஸ்டரில் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து துணி, ஜப்பானில் சாயம், அமெரிக்காவில் மடிப்பு. மியாக்கேயின் மடிப்பு கூராக, கட்டடம் மாதிரி தனக்கென ஒரு வடிவத்தோடு நிற்கும். இது உடம்போடு விழும். ஃபோர்த்தூனியின் சாயல் வேண்டும், கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பவருக்கு வேறு வழியே இல்லை. அவர் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டது, 2024இல் அவரும் போய்விட்டார், ஆக இனிப் புதிதாக வராது. அப்படியிருந்தும் பல கவுன்கள் டெல்ஃபோஸ் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகின்றன. காரணம் பாலியெஸ்டர் என்ற சொல்லின் மேல் இருக்கிற இளக்காரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாங்கும்போது மடிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தாங்கும். பழுதாவது மற்ற பகுதிகள்: மேல்பாகத்தில் வைத்த பட்டு, கையால் தீட்டிய வண்ணம், மணிவேலை. தோள்பட்டையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள், அப்புறம் மணிவேலையை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் அடுத்ததைப் பாருங்கள், அடிக்கடி வரும்.