மேக் அடித்த ஜோக்கும் மைக்ரோசாஃப்ட் காட்டிய பில்லும்

வெள்ளைச் சுவருக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் கோட்டு, டை, கண்ணாடி, கொஞ்சம் தொப்பை. இன்னொருவர் ஜீன்ஸ் பையில் கைவிட்டுக்கொண்டு நிற்கும் இளைஞர். "நான் மேக்", "நான் பிசி" என்று அறிமுகம் முடிந்ததும் கலாய்ப்பு ஆரம்பம். மேக் என்பது ஆப்பிளின் கம்ப்யூட்டர், பிசி என்பது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டர். 2006 மே தொடங்கி 2009 வரை ஆப்பிள் இப்படி 66 விளம்பரங்கள் ஓட்டியது. மேக்காக வந்த இளைஞர் ஜஸ்டின் லாங், பிசியாக வந்த கோட்டுக்காரர் ஜான் ஹாட்ஜ்மன்.

எனக்கு அந்த அறிமுகத்திலேயே ஒரு வழக்கு உண்டு. மேக்கும் பர்சனல் கம்ப்யூட்டர்தானே? அதிலும் 2006 ஜனவரியிலேயே மேக்கிற்குள் பிசிகளில் இருக்கும் அதே இன்டெல் சிப் வந்துவிட்டது. ஏப்ரலில் மேக்கிலேயே விண்டோஸ் ஓட்ட பூட் கேம்ப் என்ற மென்பொருளையும் ஆப்பிளே கொடுத்தது. அடுத்த மாதம் டிவியில் "அவன் வேற, நான் வேற" என்கிறது. வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அது இயங்குதளத்தில் (ஆபரேட்டிங் சிஸ்டம்) இருந்தது, ஆளின் சட்டையில் இல்லை.

இயங்குதளத்தைப் பிடித்தபோது மட்டும் ஆப்பிளின் அடி சரியாக விழுந்தது. விண்டோஸின் விஸ்டா பதிப்பு வந்த புதிதில், எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி குதிக்கும். அதை ஒரு விளம்பரத்தில் ஆளாகவே நிறுத்திவிட்டார்கள்: கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு காவலர். மேக் வணக்கம் சொன்னால் கூட, "மேக் வணக்கம் சொல்கிறது, அனுமதிக்கவா, ரத்து செய்யவா?" என்று பிசியிடம் கேட்பார். விஸ்டா வைத்திருந்தவர்களுக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றில் பிசி பணக்கட்டுகளைப் பங்கு போடுவார். விளம்பரத்துக்கு ஒரு குவியல், விஸ்டாவைச் சரிசெய்ய கொஞ்சூண்டு.

ஆனால் 66-ஐயும் பார்த்து முடித்தால் மனசில் நிற்பது யார்? பாவப்பட்ட அந்தக் கோட்டுக்காரர்தான். அடி வாங்குபவர் மேல்தான் நமக்குப் பாசம் வரும். பிரிட்டனுக்கு என்று தனியாக டேவிட் மிட்செல், ராபர்ட் வெப் ஜோடியை வைத்து எடுத்ததில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மிட்செல் நடித்த பிசியோடு டீ குடிக்கலாம், அந்த மேக்கோடு ஐந்து நிமிடம் உட்கார முடியாது.

மைக்ரோசாஃப்ட் பதில் சொல்ல 2008 செப்டம்பர் ஆனது. முதலில் ஒரு விளம்பரத்தில் பில் கேட்ஸ் செருப்புக் கடையில் ஷூ வாங்க, நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் உதவினார். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அடுத்து, ஹாட்ஜ்மன் ஜாடையில் இருந்த தன் ஊழியர் ஒருவரை நிறுத்தி, "நான் பிசி, என்னை ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள்" என்று சொல்ல வைத்தது. யோசனை நல்லதுதான். ஆனால் அந்தப் பிரசாரத்துக்கான படங்கள் சிலவற்றின் கோப்பு விவரத்தைத் தோண்டினால், அவை மேக்கில் தயாரானவை என்று வந்தது. மானம் போயிற்று.

ஆப்பிளின் ஆடுகளத்திலேயே ஆடி இரண்டு முறை சறுக்கிய பிறகு, 2009 மார்ச்சில்தான் சொந்தக் களத்துக்கு வந்தார்கள். அந்த விளம்பரத்தில் ஒரு பெண்ணுக்கு 17 அங்குலத் திரையுள்ள லேப்டாப் வேண்டும், கையில் 1000 டாலர். ஆப்பிள் கடைக்குள் போய்த் திரும்பி வருகிறாள். அந்தக் காசுக்கு அங்கே கிடைப்பது 13 அங்குலம்தான். பிறகு வேறு கடையில் 700 டாலருக்குள் ஒரு எச்பி வாங்கிக்கொண்டு துள்ளுகிறாள். அப்போது 17 அங்குல மேக்புக் ப்ரோ 2799 டாலர்.

எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், எடை எவ்வளவு, மூன்று வருஷம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் வசதியாக விழுங்கியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாங்கப் போகிறவர் கையில் ஒரு விலையைக் கொடுத்தது. ஜூனில் ஆப்பிள் 17 அங்குலத்தை 2499 டாலருக்கு இறக்கியது. ஜூலையில் மைக்ரோசாஃப்டின் கெவின் டர்னர் மேடையேறி, "விலையைக் குறைத்துவிட்டோம், விளம்பரத்தை நிறுத்துங்கள்" என்று ஆப்பிள் வக்கீல்கள் போன் செய்ததாகச் சொல்லிச் சிரித்தார். ஜோக் மேல் ஜோக்காக அடித்த ஆப்பிளே ஒரு பில்லுக்கு நெளிந்தால், எந்த விளம்பரம் வேலை செய்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

2020 நவம்பரில் இன்டெல்லைக் கழற்றிவிட்டு ஆப்பிளின் சொந்த எம்1 சிப்போடு மேக் வந்தபோது, அந்த நிகழ்ச்சியின் கடைசியில் ஹாட்ஜ்மன் பழைய பிசியாகவே தலைகாட்டினார். லாங்? 2021 மார்ச்சில் அவரும் வந்தார், அதே வெள்ளைச் சுவருக்கு முன்னால். இந்த முறை பிசி வாங்கச் சொல்லி. சம்பளம் கொடுத்தது இன்டெல்.