3,40,000 ரூபாய்க்கு ஒரு போலிக் கடிதம்: அமெரிக்கப் பயிற்சிக்கு முயலும் மருத்துவர்கள் கவனிக்கவும்

பெங்களூரில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் மருத்துவப் பயிற்சியில் சேர எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மருத்துவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். நான் 3,40,000 ரூபாயை இழந்தது தெரிந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. இன்னும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை இப்போது போடவில்லை. தேர்வுக்கு வகுப்பு நடத்தி, அமெரிக்க மருத்துவமனையில் சில வார அனுபவத்துக்கும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் இடம். அவ்வளவு போதும்.

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. இங்கே பெங்களூரில் ஒரு நர்சிங் ஹோமில் இரவு டூட்டி பார்த்துக்கொண்டே படித்து, யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேறினேன். 2022 ஜனவரியிலிருந்து அந்தத் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டும்தான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும், அமெரிக்க மருத்துவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் மதிப்பு ஏறிவிட்டது. அந்தக் கடிதத்துக்காக நாம் படும் பாட்டைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

முதல் நாள் போனபோது வரவேற்பறையில் எல்லாரும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த ஆலோசகர் என் படிவத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "கிருஷ்ணகிரியா? எனக்குத் தர்மபுரிப் பக்கம். சாப்பிட்டாயா அம்மா?" என்றார். ஐந்து வருடமாக ஆட்டோக்காரரிடமும் நோயாளியிடமும் அரைகுறைக் கன்னடத்தில் பேசிக் களைத்தவளை அந்த ஒரு கேள்வி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் அவரை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். நான்கு வாரம், நோயாளிகளைத் தொட்டே பரிசோதிக்கலாம், முடிவில் பரிந்துரைக் கடிதம் கையில் கிடைக்கும் என்றார்.

பட்டம் முடித்தவர்களை அங்கே பெரும்பாலும் பார்வையாளராகத்தான் அனுமதிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பரிந்துரைக் கடிதத்தை எழுதிய மருத்துவரே விண்ணப்பத் தளத்தில் நேரடியாகப் பதிவேற்றுவார் என்பதும் தெரியும். கேட்கவும் செய்தேன். "அதெல்லாம் ஆள் இல்லாதவர்களுக்கு. நம் ஊர்ப் பெண்ணை ஏமாற்றிவிட்டு நான் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்?" என்று சிரித்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

முதலில் 1,00,000 ரூபாய், என் சேமிப்பு. பத்தே நாளில் "இடம் போய்விடும்" என்று மீதி 2,40,000 ரூபாயைக் கேட்டார். அம்மா தன் வளையல்களை அடகு வைத்து அனுப்பினார். நிறுவனக் கணக்கில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் என்று சொல்லி ஒரு தனிநபரின் எண்ணுக்குப் போடச் சொன்னார். போட்டேன். மொத்தம் 3,40,000 ரூபாய்.

ஒரு மாதம் கழித்து, மருத்துவமனை முத்திரையோடு அழைப்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. விசா நேர்காணலுக்குச் சென்னையில் நாளும் கிடைத்தது. இரவு பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். அங்கே உள்ளே விடுவதற்குத் தடுப்பூசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனை முடிவும் கேட்பார்களே, எவையெவை வேண்டும் என்று விசாரிக்கலாம் என அந்த மருத்துவமனையின் இணையதளத்தில் முகவரி தேடி நானே எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்தது. என் பெயர் அவர்கள் பட்டியலில் இல்லை. கடிதத்தில் கையெழுத்திட்டிருப்பவர் அங்கே பணியாற்றவில்லை. கடிதமே அவர்களுடையது அல்ல.

அதை எடுத்துக்கொண்டு நான் நேர்காணலுக்குப் போயிருந்தால்? போலி ஆவணம் காட்டி விசா கேட்டதாகப் பதிவானால் அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை வரலாம். படித்த படிப்பும் தேறிய தேர்வும் அந்த ஜன்னல் முன்னாலேயே முடிந்துபோயிருக்கும். இதை எண்ணும்போது பணம்கூடச் சிறிதாகிவிடுகிறது. ஆனால் சிறிதல்ல, 3,40,000 ரூபாய்.

பிறகு நடந்தது இது. "அங்கே இப்போது நள்ளிரவு, நாளை பேசுகிறேன்" என்றார் அண்ணா. மறுநாள் "கிளை மாறிவிட்டது, வேறு மருத்துவமனை பார்த்துத் தருகிறேன்" என்றார். மூன்றாம் நாள் எடுக்கவில்லை. நேரில் போனேன். அப்படி ஒருவர் இப்போது வேலையில் இல்லை என்றாள் வரவேற்பறைப் பெண். மேலாளர் ஒப்பந்தத்தைத் திருப்பி, கட்டணம் திரும்பத் தரப்படாது என்ற வரியைக் காட்டினார். தனிநபர் கணக்கில் போட்டதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றார். வேண்டுமானால் அடுத்த வகுப்பில் இலவசமாக உட்காரலாமாம்! நான் அழுதுகொண்டு நிற்க, அடுத்த அறையில் இன்னொரு பெண்ணுக்கு அதே நான்கு வாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் போய்ச் சொல்வதற்குள் காவலாளி என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் பதிவாகிவிட்டது. பணம் போய் வாரங்கள் ஆகிவிட்டதால் கணக்கை முடக்குவது கடினம் என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது.

விரிவாக எழுத நினைத்தேன், டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அழைப்புக் கடிதம் வந்தால் அதிலுள்ள எண்ணை நம்பாமல் மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் முகவரி எடுத்து நீங்களே எழுதுங்கள், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்னால். தனிநபர் கணக்கில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். பரிந்துரைக் கடிதம் கையில் தருகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பழைய தேர்வுக் கேள்விகள் என்று ஒரு கோப்பும் தருவார்கள், திறக்காமல் அழியுங்கள். கேள்விகளை முன்கூட்டியே பார்த்திருக்கலாம் என்ற சந்தேகத்தில், நேபாளத்தில் எழுதிய பலருடைய தேர்வு முடிவுகள் 2024-இல் செல்லாமல் போனதை மறக்காதீர்கள். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள், என்னைப் போல இரண்டு நாள் அண்ணாவின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. விசா வந்துவிட்டதா என்று இன்று காலையும் கேட்டார்.