டிஃபென்ஸ் லைன் பலமாக இருந்தால் எதை ஓடுவது: இன்சைட் ஜோனா, டிராப்பா?

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பாதி ஆட்டம் முடிந்த இடைவேளையில், பந்தோடு ஓடும் இரண்டு வழிகளில் இன்சைட் ஜோனை விட்டுவிட்டு டிராப்புக்கு மாறினோம். நியூ ஜெர்சியில் என் மகன் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியில் மூன்று வருடமாக லைன் கோச்சுக்கு உதவியாக இருக்கிறேன். பையன்களுக்கு 13, 14 வயது. அன்று எதிரே நின்ற இரண்டு டிஃபென்சிவ் டேக்கிள்களும் (எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்பவர்கள்) எங்கள் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரைவிட 40 பவுண்டாவது கூடுதலாக இருப்பார்கள். முதல் பாதியில் ஜோன் ஒன்பது முறை ஓடி 11 யார்டு. இரண்டாம் பாதியில் டிராப் ஏழு முறை, 52 யார்டு. ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். ஆனாலும் என் மனம் அன்றைக்கே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோனில் நம் முன்வரிசையின் ஐந்து லைன்மேன்களும் ஒரே திசையில் அடியெடுத்து வைத்து, தங்கள் பாதையில் வருபவரைத் தள்ளுவார்கள். சந்து எங்கே திறக்கிறது என்று பார்த்து ஓடுவது, பந்தை வாங்கிக்கொள்ளும் ரன்னிங் பேக்கின் வேலை. டிராப்பில் சந்து முன்பே முடிவானது. ஒரு டிஃபென்சிவ் டேக்கிளை யாரும் தொடாமல் உள்ளே வர விடுவோம். மறுபக்கத்து கார்டு (சென்டரின் இரு பக்கமும் நிற்பவர்களில் ஒருவர்) தன் இடத்தை விட்டு ஓடிவந்து அவரைப் பக்கவாட்டில் இடித்து ஒதுக்குவார். அந்த டேக்கிள் விட்டுவிட்டு வந்த இடத்தின் வழியாகப் பந்து போகும்.

ஜோனுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. எதிரணி எப்படி நின்றாலும் லைனுக்கு விதி ஒன்றுதான். எடை குறைந்த லைனால் அதை ஓட முடியாது என்றும் சொல்லமாட்டேன். 1998-ல் டென்வர் பிராங்கோஸின் டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடியது அலெக்ஸ் கிப்ஸ் பழக்கிய அந்த இலகுவான லைனின் பின்னால்தான். அந்த வருடம் ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் (தொழில்முறை லீகின் இறுதி ஆட்டம்), எதிரணி கிரீன் பேயின் நடுவில் கில்பர்ட் பிரவுன் மலைபோல நின்றும் டேவிஸ் 157 யார்டு எடுத்தார். ஆனால் அதற்கு டேவிஸ் வேண்டும். பொறுமையாக வந்து, காலை ஊன்றி, ஒரே வெட்டில் மேலே போகத் தெரிந்த பேக் எங்களிடம் இல்லை.

சரி, என்னை மாற்றியது எது? ஆள் கணக்கு. பலமான டேக்கிள் தானே ஓடி வந்து பேக்கைப் பிடிப்பதைவிட, நம் ஆட்கள் இரண்டு பேரைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்வதுதான் பெரிய சேதம். ஜோனில் அப்படிப்பட்டவரை இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். பிறகு அதில் ஒருவர் கழன்று, எதிரணி வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிக்கப் போக வேண்டும். எங்கள் பையன்களால் கழலவே முடியவில்லை. கழன்றால் அந்த டேக்கிள் இருவருக்கும் நடுவே புகுந்துவிடுவான். ஆக, இரண்டு டேக்கிள்களுக்கு நான்கு பேர் போய்விட்டார்கள். லைன்பேக்கர்கள் மேலே ஒரு கைகூடப் படாமல் வந்து எங்கள் பேக்கைச் சாய்த்தார்கள்.

டிராப்பில் இந்தக் கணக்கு மாறுகிறது. இரண்டு டேக்கிள்களுக்கும் ஆளுக்கு ஒருவர் போதும். ஒருவனை சென்டர் கோணத்தில் அடைக்கிறான், இன்னொருவனை ஓடிவரும் கார்டு இடிக்கிறான். இரண்டுமே பக்கவாட்டு அடி, அதனால் எடை வித்தியாசம் பாதி கரைந்துவிடுகிறது. டேக்கிளைத் தொடாமல் கடந்துபோன மற்ற கார்டு, பந்து கிளம்பிய நொடியிலேயே லைன்பேக்கர் மேல் இருப்பான். டேக்கிள் எவ்வளவு வேகமாகப் பாய்கிறானோ, அவ்வளவு தூரம் தானாகவே சந்திலிருந்து விலகிப் போகிறான்.

இதைப் பெரிய மேடையில் செய்து காட்டியது மயாமி டால்பின்ஸ். 1974 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் எதிரே மினசோட்டாவின் ஆலன் பேஜும் கார்ல் எல்லரும்; பந்தை நோக்கி மின்னலாகப் பாயும் லைன். அந்த வேகத்தையே டிராப்பாலும் திசை மாற்றும் பிளாக்குகளாலும் திருப்பிவிட்டார்கள். லாரி சோங்கா 33 முறை ஓடி 145 யார்டு. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி மொத்தமே ஏழு பாஸ்தான் வீசினார். 1988 சூப்பர் பவுலில் வாஷிங்டனின் டிம்மி ஸ்மித் எடுத்த 204 யார்டையும் பலர் எடுத்துச் சொல்வார்கள். கார்டும் அவருக்கு அடுத்து நிற்கும் தன் அணி டேக்கிளும் சேர்ந்து இடம் விட்டு ஓடும் கவுன்டர் ஓட்டம் அந்த அணியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது, உண்மைதான். ஆனால் அன்று எதிரே நின்ற டென்வர் லைன் எடை குறைந்தது. நம் கேள்விக்கு அது சான்றாகாது.

டிராப் எடுபடாத இடமும் உண்டு. பட்டி ரயன் சிகாகோவில் அமைத்த 46 டிஃபென்ஸ் மாதிரி, சென்டருக்கும் இரு கார்டுகளுக்கும் நேர் எதிரே ஆள் நின்றால், கார்டு இடத்தை விட்ட மறுநொடி எதிரே நின்றவர் உள்ளே வந்துவிடுவார். 1986 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து அந்த டிஃபென்ஸிடம் 11 ஓட்டத்தில் 7 யார்டுதான் எடுத்தது. சீக்கிரமே பின்தங்கியதால் அதிகம் ஓடவும் இல்லை. அப்படி ஒரு லைனை எங்கள் அணி சந்தித்ததில்லை. இன்னொன்று, 13 வயதுப் பையன் வழி திறந்திருந்தால் நேரே பாய்வான். கல்லூரி டேக்கிள் தன்னை யாரும் தொடவில்லை என்றாலே சந்தேகப்பட்டு உள்பக்கம் நெருக்கி நிற்பார். அங்கே டிராப்பை ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை நம்பலாம் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவுட்சைட் ஜோனை நாங்கள் ஓடியதே இல்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பயிற்சி நேரம் என்று பார்த்தால் டிராப்தான் அதிகம் கேட்கும். கார்டின் முதல் அடியில்தான் எல்லாம் இருக்கிறது. முழங்கையைப் பின்னால் இழுத்து, இடுப்பைத் திருப்பி, லைனை ஒட்டியே ஓட வேண்டும். வளைந்து ஓடினால் டேக்கிள் அதற்குள் கடந்துவிடுவான். இந்த ஆகஸ்டில் முதல் வாரத்திலிருந்தே தினமும் 15 நிமிடம் இதற்காக ஒதுக்கினோம். சாதாரண லைன் எதிரே வந்தால் ஓட ஜோனும் கையில் இருக்கிறது. இடது கார்டுக்கு அந்த அடி நன்றாகப் படிந்துவிட்டது. வலது கார்டு இன்னும் குவார்ட்டர்பேக் மேல் மோதுகிறான். அதனால் இப்போதைக்கு டிராப் எல்லாம் வலது பக்கம்தான்.