பிள்ளைகளோடு மலையேற: லிப்டன் சீட்டா, உலக முடிவா, சிவனொளிபாதமா?

பள்ளிக்கூட லீவு விட்டதும் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வேன் பிடித்து மலையகம் வரும் குடும்பங்கள் கேட்பது ஒன்றுதான்: "சின்னப் பிள்ளைகளும் இருக்குதுகள், எந்த மலை ஏறலாம்?" உயரத்தையும் தூரத்தையும் வைத்துத்தான் பலரும் பதில் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது, ஐந்து வயதுப் பிள்ளை நடுவழியில் குந்திக்கொண்டு "இனி ஏலாது" என்றால் அங்கிருந்து எப்படித் திரும்புவது என்பதைத்தான். இப்படிக் கேட்டாலே பாதி மலைகள் கழிந்துவிடும்.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஹோர்ட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் இருந்தாலும் ஏற்றம் குறைவு. சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். சிக்கலே அந்தச் சுற்றில்தான். சமவெளியின் ஓரத்தில் இருக்கும் உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பாறையைத் தாண்டி பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்கிவிட்டால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் நடைதான். உள்ளே எந்த வாகனமும் வராது, பிள்ளையை அப்பாதான் சுமக்க வேண்டும். உலக முடிவில் பாறை விளிம்புக்குக் கீழே 800 மீற்றருக்கு மேல் பள்ளம். அங்கே நிற்கும் நேரம் முழுக்கப் பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும், செல்ஃபியைப் பிறகு பார்க்கலாம். ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிடும் என்பதால் விடியவே போக வேண்டும். அந்தக் குளிரில் சின்னதுகளுக்குத் தொப்பியும் ஜம்பரும் கட்டாயம். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரிப்பார்கள். பிஸ்கட்டை வீட்டிலேயே டப்பாவில் போட்டுக்கொண்டால் வரிசையில் நின்று பிள்ளையின் அழுகையைச் சமாளிக்கத் தேவையில்லை. எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாகப் போகலாம்.

அதற்குக் கீழே என்றால் என் ஓட்டு ஹப்புத்தளைப் பக்கத்து லிப்டன் சீட்டுக்கு. தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து உச்சி வரைக்கும் சுமார் 7 கிலோமீற்றர், முழுக்கத் தேயிலைக்கு நடுவே வளைந்து போகும் வண்டிப்பாதை. 1890இல் இலங்கை வந்து தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடம் என்பார்கள். அவரே இப்போது சிலையாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்லும் முறை இதுதான்: காலையில் ஓட்டோவில் மேலே போய், கடையில் ரொட்டியும் பிளேன்டீயும் முடித்து, இறக்கத்தை மட்டும் நடங்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், கோயில், கொழுந்துக்கூடையோடு போகும் அக்காமார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று வழி நெடுகப் பார்க்க ஆளும் பேச ஆளும் உண்டு. கால் வலித்தால் அந்த வளைவிலேயே நின்று ஓட்டோவைக் கூப்பிடலாம். இந்த வசதி வேறெந்த மலையிலும் இல்லை.

ஒன்று மட்டும் கவனம்: குளவி. தோட்டத்தில் குளவி கொட்டி ஆட்கள் இறந்த செய்தியை மலையகத்தில் அடிக்கடி கேட்கிறோம். மரத்திலோ பாறையிலோ கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகுங்கள், பிள்ளைகளைக் கல்லெறிய விடாதீர்கள். மழை பெய்திருந்தால் அட்டையும் வரும். அது ஆபத்தில்லை, காலில் சவர்க்காரம் பூசினால் போதும்.

எல்லயில் இருக்கும் சின்ன சிவனொளிபாத மலை (1,141 மீற்றர்) நேரம் குறைந்தவர்களுக்கு. தேயிலைக்குள் நடந்து, கடைசியில் படி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உச்சி. புத்தர் சிலை இருக்கும் முதல் மேட்டோடு திரும்பிவிடுங்கள். அதற்கப்பால் முகடு ஒடுங்கி, இரண்டு பக்கமும் சரிவு, கால் சறுக்கும் மண்.

பெரிய சிவனொளிபாதத்தை நடைப்பயணக் கணக்கில் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை, அது யாத்திரை. கைக்குழந்தையோடு ஏறுகிறவர்களும் உண்டு, அது அவர்கள் நேர்த்திக்கடன். நல்லதண்ணிப் பக்கமாக 5,000க்கு மேல் படி, உயரம் 2,243 மீற்றர், அதுவும் தூக்கம் முழித்து இருட்டில். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். போயா (பௌர்ணமி) தினத்திலும் வார இறுதியிலும் மேற்படிகளில் நெரிசலில் நின்றுவிட்டால் பின்னால் திரும்பவும் வழியில்லை. போவதென்றால் டிசம்பர் போயா முதல் வெசாக் போயா வரையான பருவத்தில், வார நாளில், விளக்கும் கடையும் இருக்கும்போது மட்டும்.

எல்ல ரொக்? வழக்கமான வழி ரயில் தண்டவாளத்தின் மேல். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

நாள் குறிக்கும்போது மழையையும் பாருங்கள். ஆகஸ்ட் லீவில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவ மழையில் நனைந்து கிடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் ஹப்புத்தளையும் எல்லயும் பெரும்பாலும் காய்ந்திருக்கும். டிசம்பரில் ஊவாவுக்குத்தான் மழை. ஏப்ரலில் பிற்பகல் ஆனால் இடி மின்னல், ஆகவே எந்த மலையென்றாலும் பகல் சாப்பாட்டுக்கு முன் கீழே இறங்கிவிடுங்கள்.