முனிச்சிலிருந்து ஸ்ப்ளிட்டுக்குக் காரில்: விக்னெட் விற்கும் தரகுத் தளங்களிடம் ஜாக்கிரதை

கோடை விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து குரோவேஷியாவுக்குக் காரில் கிளம்பும் நம்மவர்கள் நிறையப் பேர். சாலைக் கட்டணத்துக்கான விக்னெட்டை ஒரு தரகுத் தளத்தில் வாங்கி நாங்கள் ஏமாந்த கதை அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2025 கோடையில் முனிச்சிலிருந்து ஸ்ப்ளிட் வரை போனோம். சால்ஸ்பர்க், வில்லாக், லுப்லியானா, ஸாக்ரெப் வழியாக 900 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியாரும் கூட வந்தார்கள். வழியில் எங்கேயும் வண்டி மடக்கப்படக் கூடாது, அவர்கள் பதறக் கூடாது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட நினைத்தோம். தரகர்களுக்கு வேண்டியதும் இந்த மனநிலைதான்.

இந்தப் பாதையில் சாலைக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் காருக்குக் கட்டணமே இல்லை. ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் விக்னெட், அதாவது இத்தனை நாளைக்கு என்று பணம் கட்டி வண்டி எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். குரோவேஷியாவில் நம் ஊர் சுங்கச்சாவடி போலத்தான். நுழையும்போது சீட்டு எடுத்து, இறங்கும்போது போன தூரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு இது தலை சுற்றும்.

என் கணவர் கூகுளில் தேடியபோது மேலே வந்தது ஒரு விளம்பரம். ஆஸ்திரியக் கொடியின் சிவப்பு வெள்ளை, நெடுஞ்சாலைப் படம், தளத்தின் பெயரிலேயே 'விக்னெட்' என்ற சொல். பார்த்தால் அரசுத் தளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முனிச், ஸ்ப்ளிட் என்று இரண்டு ஊரைத் தட்டினால் போதும், வழி முழுவதற்கும் ஒரே 'பேக்கேஜ்' கொடுக்கிறார்கள். எங்களுக்கு வந்த கணக்கு இது: ஆஸ்திரியா 24.90 யூரோ, ஸ்லோவேனியா 29.90, குரோவேஷியா பாஸ் 24.90, உடனடிப் பதிவுக்கு 9.90. மொத்தம் 89.60 யூரோ. 'எல்லாச் சுரங்கங்களும் உட்பட' என்று பச்சை டிக் வேறு.

இப்போது உண்மை விலையைப் பாருங்கள். ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலைகளைப் பராமரிக்கும் அரசு நிறுவனம் அஸ்ஃபினாக். அதன் சொந்தத் தளத்தில் 10 நாள் விக்னெட் 2025-இல் 12.40 யூரோ. ஸ்லோவேனியாவில் அந்த வேலையைச் செய்வது டார்ஸ். காருக்கு ஒரு வார விக்னெட் அப்போது 16 யூரோ. ஆக 28.40 யூரோவில் முடிய வேண்டியது. உடனடிப் பதிவு என்று 9.90 கறந்தார்களே, அந்த 10 நாள் விக்னெட்டை அஸ்ஃபினாக்கிடமே நேராக வாங்கினாலும் உடனே செல்லும்.

கூடுதல் காசு போனதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். ஐரோப்பாவில் தரகு வாங்கி விற்பது குற்றம் இல்லை. 'நாங்கள் அரசு அமைப்பு அல்ல' என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். பெரிய ஆபத்து அதற்குப் பிறகு வந்தது.

கிளம்புவதற்கு முந்தைய இரவு, நூரம்பெர்கில் இருக்கும் தோழி போனில் பேசும்போது, 'அஸ்ஃபினாக் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தாயா?' என்று கேட்டாள். அங்கே நாட்டையும் வண்டி எண்ணையும் கொடுத்தால் விக்னெட் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். பார்த்தோம். எங்கள் எண்ணுக்கு ஒன்றுமே இல்லை! பணம் எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்ற மெயிலும் வந்திருந்தது.

அதன் பிறகு ஸ்லோவேனியா ரசீதைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். வண்டி எண் சரி, தேதி சரி. பதிவான நாடு என்ற இடத்தில் D-க்குப் பதில் DK. ஜெர்மன் வண்டியை டென்மார்க் வண்டியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆர்டரை உறுதி செய்து அவர்களே அனுப்பிய முதல் மெயிலில் ஜெர்மனி என்று தெளிவாக இருக்கிறது. யாரோ அவசரத்தில் தட்டிவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போயிருக்கிறார்கள்.

இது சின்ன எழுத்துப் பிழை என்று விட முடியாது. ஒட்டும் வில்லை எதுவும் கிடையாது; 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்லோவேனியாவில் எல்லாமே மின் விக்னெட். கேமரா உங்கள் எண்ணையும் நாட்டையும் படித்துப் பட்டியலோடு ஒப்பிடும், அவ்வளவுதான். பொருந்தாவிட்டால் உங்களிடம் விக்னெட் இல்லை. ஸ்லோவேனியாவில் அபராதம் 300 யூரோவிலிருந்து தொடங்குகிறது. ஆஸ்திரியாவில் விக்னெட் இல்லாத காருக்கு நாங்கள் போன சமயத்தில் 120 யூரோ. அது தரகர் வீட்டுக்குப் போகாது, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும். ஆஸ்திரியா தபாலில் அனுப்பி ஜெர்மனியில் இருப்பவரிடமும் கேட்கும்.

அந்தத் தளத்தில் போன் எண் இல்லை. மெயில் போட்டால் 'மூன்று வேலை நாட்களில் பதில்' என்று இயந்திரம் பதில் தருகிறது. விடிந்தால் பயணம். இரண்டு விக்னெட்டையும் அஸ்ஃபினாக், டார்ஸ் தளங்களில் நாங்களே திரும்ப வாங்கினோம். இரண்டுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. ஆங்கிலத்திலும் இருக்கிறது, சாதாரணக் கார்டே போதும்.

அப்புறம் அந்தச் சுரங்கங்கள். ஆஸ்திரியாவின் ஏ10 டௌவெர்ன் நெடுஞ்சாலையிலும் கரவாங்கன் சுரங்கத்திலும் விக்னெட் இருந்தாலும் தனிக் கட்டணம் உண்டு. இது அஸ்ஃபினாக் வைத்த விதி, எந்தப் பேக்கேஜும் மாற்ற முடியாது. சங்க்ட் மிகாயேல் சாவடியில் ஒரு தடவை, ஸ்லோவேனிய எல்லையில் இருக்கும் கரவாங்கனில் இன்னொரு தடவை கட்டினோம். பச்சை டிக் பச்சைப் பொய்.

குரோவேஷியா பாஸ் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஸாக்ரெப் தாண்டி லுச்கோ சாவடியில் சீட்டு எடுத்தோம். ஸ்ப்ளிட்டுக்கு இறங்கும் துகோபோல்யே சாவடியில், காசு கொடுத்து வாங்கிய பாஸ் ஆயிற்றே என்று என் கணவர் போனை நீட்டினார். கண்ணாடிக்குள் இருந்த பெண் போனை வாங்கி, மேலும் கீழும் நகர்த்திப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு திருப்பித் தந்துவிட்டு, தொகை மின்னிக்கொண்டிருந்த சின்னத் திரையைக் காட்டினார். 25 யூரோ அளவில் கட்டிவிட்டுத்தான் தடுப்பு மேலே போனது. குரோவேஷியாவில் விக்னெட்டே கிடையாது. இல்லாத ஒன்றை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். பின்னால் கேட்டபோது, அது 'சாலைத் தகவல் தொகுப்பு' என்று பதில் எழுதினார்கள். சாவடிகளின் பெயர்கள் அடங்கிய இரண்டு பக்க பிடிஎஃப்! மாமனார் பின் சீட்டில் இருந்து, 'என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ரீஃபண்ட் தர மறுக்க அவர்கள் சொல்லும் காரணம்: வாங்கும்போது ஒரு கட்டத்தில் டிக் செய்தீர்கள், அதனால் 14 நாள் ரத்து உரிமையை விட்டுவிட்டீர்கள், சேவை முழுதாக முடிந்தது. ரத்து உரிமை போகட்டும். நாங்கள் கேட்பது செய்யாத வேலைக்கான பணத்தை. பதிவே ஆகாத விக்னெட்டுக்கு எந்தச் சேவை முடிந்தது?

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் போன பணத்தை விற்றவரிடமிருந்து திருப்பி வாங்கித் தரச் சொல்லுங்கள். ஆர்டர் மெயில், தவறான ரசீது, அஸ்ஃபினாக் தளத்தில் ஒன்றும் இல்லை என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். விற்றவர் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால், கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக உதவும். ஜெர்மனிக்குள்ளேயே என்றால் உங்கள் மாநில நுகர்வோர் மையம், அதாவது ஃபெர்பிரௌகர்சென்ட்ராலே (Verbraucherzentrale).

வேன் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்லோவேனியாவில் முன் அச்சுக்கு நேர் மேலே வண்டியின் உயரம் 1.30 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 2பி என்ற வகை, கட்டணம் இரட்டிப்பு. எங்களுக்கு விற்ற தளத்தில் 'கார்' என்று ஒரே பொத்தான்தான் இருந்தது. இரண்டு குடும்பமாகப் பெரிய வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் டார்ஸ் தளத்தில் வகையைப் பார்த்தே வாங்குங்கள். சால்ஸ்பர்க் வரை மட்டும் போய்த் திரும்புகிறவர்களுக்கு விக்னெட்டே வேண்டாம். வால்செர்பெர்க் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் வடக்கு வரை ஏ1 சாலைக்கு 2019 டிசம்பரிலிருந்து விலக்கு இருக்கிறது. தரகுத் தளம் அதைச் சொல்லாது.

எங்கள் வங்கி குரோவேஷியா பாஸ் பணத்தைத் திருப்பிவிட்டது. மிச்சத்துக்கு இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. வங்கிக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் நகல் யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள், பெயர், எண்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.